தட்டில் ஏன் அந்த ஓட்டை?

மாணவர்களே, கிள்ளானில் இருக்கும் என் மாமா விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். திருமணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்று எதுவானாலும் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில்தான் சமையல். அங்கே எரிவாயு அடுப்பும் இருக்கிறது. ஆனாலும் பிரியாணிக்கு விறகுதான் என்பதில் மாமா பிடிவாதக்காரர். புகையில் கண் எரிந்து போன அத்தை, போன வருடம் ஒரு முடிவு எடுத்தார். வெல்டிங் பட்டறையில் சொல்லி, மூடிய இரும்பு அடுப்பு ஒன்று செய்து வாங்கினார்கள். அடுப்பின் பின்பக்கத்திலிருந்து 15 சென்டிமீட்டர் அகலமுள்ள புகைக்குழாய் கூரையைத் தாண்டி 3 மீட்டர் உயரத்துக்குப் போனது.

புகைத் தொல்லை தீர்ந்தது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. அடுப்பு 'ஹோ'வென்று இரைந்து எரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு வர வேண்டிய விறகு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. அண்டாவின் அடியும் பிடித்தது.

"அடுப்பு விறகைத் தின்னுது வாத்தியாரே! உங்க அறிவியல்ல இதுக்கு ஏதும் வழி இருக்கா?" என்று மாமா கேட்டார்.

வழி இருக்கிறது. அதன் பெயர் டேம்பர். புகைக்குழாய்க்குள் பொருத்தப்படும் வட்டமான ஓர் இரும்புத் தட்டு அது. நடுவில் ஒரு கம்பி ஓடும். கம்பியின் பிடி குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிடியைத் திருப்பினால் உள்ளே தட்டு திரும்பும். தண்ணீர்க் குழாய்க்குத் திருகுபிடி எப்படியோ, புகைக்குழாய்க்கு டேம்பர் அப்படி.

மாமா தேடிப் பிடித்து ஒன்று வாங்கி வந்தார். தட்டைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது. அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. "பாருப்பா, ஓட்டைத் தட்டைத் தலையில கட்டிட்டான்!" என்றவர், நான் அடுத்த வாரம் வருவதற்குள் இரண்டு ஓட்டைகளையும் தகரத்துண்டு வைத்து ஆணி அடித்து அடைத்துவிட்டார்.

அந்த ஓட்டைகள் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில், அந்தக் குழாய் ஏன் அப்படி இழுக்கிறது என்று பார்ப்போம்.

குழாய் இழுக்கும் விசை

சூடான காற்று விரியும், அடர்த்தி குறையும், மேலே போகும். இது உங்களுக்குத் தெரிந்த வெப்பச்சலனம்தான். இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

நம் ஊரில் வெளிக்காற்று 30 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.16 கிலோகிராம். குழாய்க்குள் போகும் புகை 230 பாகை என்றால், ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 0.70 கிலோகிராம்தான் இருக்கும். வித்தியாசம் 0.46. இதை 3 மீட்டர் உயரத்தாலும், புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஆலும் பெருக்குங்கள். கிடைப்பது 13.5 பாஸ்கல் அழுத்த வேறுபாடு.

13.5 பாஸ்கல் எவ்வளவு பெரியது? மேசை மேல் 17 ஏ4 தாள்களை அடுக்கி வையுங்கள். அந்த அடுக்கு மேசையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். இவ்வளவு சிறிய வேறுபாடுதான் அடுப்பு வாயில் வெளிக்காற்றை உள்ளே தள்ளி, நெருப்பை இரைய வைக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வெளியே 0 பாகை இருக்கும் குளிர்நாட்டில் இதே குழாய் 17 பாஸ்கலுக்கு மேல் இழுக்கும். வெளிக்காற்று சூடாக இருப்பதால் நம் நாட்டில் இழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. குளிர்நாட்டு அடுப்புப் படத்தைப் பார்த்து அப்படியே இங்கே செய்தால் அது அதே மாதிரி வேலை செய்யாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழுப்பு அளவுக்கு மீறினால் இரண்டு நட்டம். முதலாவது, அதிகக் காற்று வந்து விறகு வேகமாக எரிந்துவிடும். இரண்டாவது, அண்டாவுக்குப் போக வேண்டிய சூடு அங்கே தங்காமல் குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். குழாயில் ஒரு தட்டை வைத்து வழியைச் சுருக்கினால் இரண்டும் குறையும்.

பொருத்துவதில் ஒரு கணக்கு

ஒரு சனிக்கிழமை காலையில், அடுப்பு முழுதும் ஆறியிருந்தபோது, வேலையைத் தொடங்கினோம். அடுப்பின் மேற்பரப்பிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில், கைக்கு எட்டும் இடமாகப் பார்த்துக் குறித்தோம். கம்பி நுழைய இரண்டு துளைகள் வேண்டும். இரண்டும் நேர் எதிரெதிராக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் தட்டு குழாயின் சுவரில் உரசி நின்றுவிடும்.

வளைந்த குழாயில் நேர் எதிர்ப்புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நீளமான தாளைக் குழாயைச் சுற்றி ஒட்டி, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டினோம். 15 சென்டிமீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு 47.1 சென்டிமீட்டர். தாளைச் சரிபாதியாக மடித்தால் 23.5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஒரு மடிப்பு விழும். தாளை மறுபடியும் குழாயில் சுற்றி, முனைக்கு நேரே ஒரு புள்ளி, மடிப்புக்கு நேரே ஒரு புள்ளி வைத்தோம். வேலை முடிந்தது. உங்கள் வடிவியல் பாடம் வெல்டிங் பட்டறைக்கும் பயன்படும்!

துளை போட்டு, தட்டை உள்ளே பிடித்துக்கொண்டு, கம்பியைச் செலுத்திப் பூட்டினோம். வெளியே உள்ள பிடி சுருள்கம்பியால் ஆனது. சுருளுக்கு நடுவே காற்று புகுவதால் அது அவ்வளவாகச் சூடேறாது. பிடி நிற்கும் திசையும் தட்டு நிற்கும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடி குழாயோடு சேர்ந்து நெட்டுக்குத்தாக நின்றால் வழி திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் வழி அடைபட்டிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் இந்த அடையாளம்தான் நமக்குக் கண்.

பாதி திருப்பினால் பாதி காற்றா?

பிடியைப் பாதி திருப்பினால் பாதி வழி திறக்கும் என்று மாமா நினைத்தார். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். மூன்றாம் படிவத்தில் படிக்கும் திரிகோணமிதியைக் கேட்டுப் பார்ப்போம்.

மூடிய நிலையிலிருந்து தட்டு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, அதன் கோசைன் மதிப்புதான் தட்டு மறைக்கும் பங்கு. 30 பாகை திருப்பினால் கோசைன் 0.87. அதாவது 13 விழுக்காடு வழிதான் திறந்திருக்கும். 45 பாகை, அதாவது சரிபாதி திருப்பினால், 29 விழுக்காடு. பாதி வழி திறக்க வேண்டுமானால் 60 பாகை திருப்ப வேண்டும். முழுதாகத் திறக்க 90.

ஆகவே மூடிய நிலைக்குப் பக்கத்தில் தட்டு நிற்கும்போது, 'கொஞ்சம் திறந்துதானே இருக்கு' என்று நாம் நினைத்தாலும் வழி மிகக் குறைவு. இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நமக்குப் பழகிய வித்தைதான்

நெருப்புக்குக் காற்றை அளந்து கொடுக்கும் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1881 ஜனவரியில் கோலாலம்பூரில் பெருந்தீ. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். அத்தாப்பும் மரமும் கொண்ட வீடுகள் அழிந்த பிறகு, 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில் நகரம் செங்கல்லாலும் ஓட்டாலும் எழும்பத் தொடங்கியது. அந்தச் செங்கற்கள் செய்யப்பட்ட இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. செங்கல் சுடுவது வெறும் எரிப்பு வேலை இல்லை. சூடு மெல்ல ஏற வேண்டும். சுட்டு முடிந்ததும் காற்று வழிகளைச் சுருக்கி மெல்ல ஆற விட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் கல் வெடித்துவிடும்.

இன்னும் நெருக்கமான உதாரணம் ரப்பர் தோட்டம். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து ஸ்டோரில் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்து, கோடு போட்ட ஷீட்டாக எடுப்பார்கள். அதை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுச் சில நாள் உலர்த்தும் இடம்தான் புகைவீடு. 'ஸ்மோக் ஹவுஸ்' என்றே பலரும் சொல்வார்கள். கீழே ரப்பர் விறகு எரியும். கூரையில் திறந்து மூடும் காற்று வழிகள் இருக்கும்.

முதல் நாள் ஷீட்டில் ஈரம் அதிகம். காற்று வழிகளை நன்றாகத் திறந்து வைத்து, ஏறக்குறைய 45 பாகைச் சூட்டில் ஈரத்தை வெளியேற்றுவார்கள். பிறகு வழிகளைச் சுருக்கி, சூட்டை நாளுக்கு நாள் 60 பாகை வரை ஏற்றுவார்கள். அதற்கு மேல் போனால் ஷீட்டில் கொப்புளம் போடும். தரம் இறங்கும், விலை குறையும். சூடு போதாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ராத்திரியில் கண் விழித்து விறகையும் காற்று வழியையும் பார்த்துக்கொண்ட தொழிலாளி, தெர்மோமீட்டர் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொறியாளர் செய்யும் வேலையைத்தான் செய்தார். 1925-இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் நல்ல புகைவீட்டை எப்படிக் கட்டுவது என்று ஆராய்ந்தது. அதன் சோதனை நிலையம் நம் சுங்கை பூலோவில் இருந்தது. 1965-இல் தரப்படுத்தப்பட்ட கட்டி ரப்பர் முறை வந்த பிறகு புகைவீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன.

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்த என் தாத்தா ஒரு பழக்கத்தைச் சொல்வார். புகைவீட்டுக் கதவைத் திறந்தவுடன் யாரும் உள்ளே போகமாட்டார்களாம். கொஞ்ச நேரம் காற்றாட விட்டுத்தான் நுழைவார்களாம். "கண்ணு எரியும்னுதான் தாத்தா?" என்று சிறுவயதில் கேட்டேன். "அதுவும் உண்டு. தலையும் சுத்தும்" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை.

மேல்நாட்டிலும் இதே கதைதான். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது உண்டாகும் வெப்பத்தைப் பற்றி 1798-இல் எழுதிப் புகழ்பெற்ற ரம்ஃபோர்டு பிரபு, சமையல் அடுப்புகளையும் விடாமல் ஆராய்ந்தவர். நெருப்பை நன்றாக மூடி, காற்று உள்ளே வரும் இடத்தில் ஒரு கதவும், புகை வெளியேறும் குழாயில் ஒரு தட்டும் வைத்தால் விறகு மிச்சமாகும் என்று செய்து காட்டினார். மாமாவின் கொட்டகையில் நாங்கள் செய்ததும் அதைத்தான்.

மழை பெய்த மாலை

டேம்பர் பொருத்திய பிறகு எல்லாம் நன்றாகவே போனது. நெருப்பின் இரைச்சல் அடங்கியது. விறகுக் கட்டு நீண்ட நேரம் தாங்கியது. மாமாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து, மழை கொட்டிய ஒரு மாலையில், சமையல் முடிந்து விறகு முழுதும் தணலாகிவிட்டது. சாரல் அடிக்கிறது என்று கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். சோறு சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று மாமா டேம்பரையும் முழுதாக மூடினார். புகைதான் துளியும் இல்லையே, என்ன கெட்டுவிடப் போகிறது?

உள்ளே உட்கார்ந்து உணவுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அத்தைக்குச் சிறிது நேரத்தில் தலைவலி. குமட்டல் வந்தது. உதவிக்கு வந்த பெண்ணும் "எனக்கும் தலை கனக்குது அக்கா" என்றார். நல்லவேளையாக அந்த நேரம் பொட்டலங்களை எடுத்துப்போக வந்த பையன் கதவைத் திறந்தான். இருவரையும் வெளியே கொண்டுவந்து உட்கார வைத்து, பிறகு கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். இருவரும் தேறிவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் எனக்கு இரண்டு நினைவுகள் வந்தன. ஒன்று தாத்தா சொன்ன தலைசுற்றல். மற்றொன்று மாமா அடைத்த இரண்டு ஓட்டைகள்.

புகை இல்லாத ஆபத்து

கார்பனுக்கு உயிர்வளி போதுமான அளவு கிடைத்தால் கரிவளி உண்டாகும். தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 12 கிராம் கார்பன் இப்படி எரிந்தால் 393.5 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். உயிர்வளி போதாவிட்டால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அப்போது அதே 12 கிராமுக்குக் கிடைப்பது 110.5 கிலோஜூல் மட்டும். ஏறக்குறைய 28 விழுக்காடுதான்! டேம்பரை அளவுக்கு மீறி மூடினால் விறகு மிச்சமாவதாகத் தோன்றும். உண்மையில் சூட்டின் பெரும்பங்கு எரியாத வாயுவாகவே போய்விடுகிறது.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. அது காற்றைவிட மிகச் சிறிதே இலேசானது என்பதால் அறை முழுதும் கலந்துவிடும். இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், உயிர்வளியைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். நுரையீரல் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் உடலுக்கு உயிர்வளி போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், மயக்கம், பிறகு மரணம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். புகை வரும்போது கண் எரிகிறது, இருமல் வருகிறது. நாமே எழுந்து வெளியே போய்விடுவோம். தணலில் புகை இல்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடு அதிகமாக உண்டாவது தணலிலும் கரியிலும்தான். புகை இல்லாததைப் பத்திரம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இப்போது ஓட்டைக்கு வருவோம். யாராவது மறதியில் தட்டை முழுதாக மூடிவிட்டாலும், வாயு வெளியேற ஒரு சிறு வழி எப்போதும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் தட்டில் ஓட்டை போட்டிருந்தார்கள். தட்டைக் குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகச் செய்வதற்கும் இது ஒரு காரணம். மாமா கண்ட குறை, உண்மையில் உயிரைக் காக்க வைத்த வாசல். ஆனால் ஓட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில், தணல் இருக்கும்போது கொட்டகையை அடைத்துவிடவும் கூடாது. அந்தச் சிறு வழி மறதிக்காக வைத்தது. அது கதவுக்கும் சன்னலுக்கும் ஈடாகாது.

வீட்டில் சொல்ல வேண்டியவை

உங்கள் வீட்டில் விறகு அடுப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் கரி அடுப்பில் கோழி வாட்டுவீர்கள். மழை வந்தால் அதை வீட்டுக்குள் இழுப்பவர்கள் உண்டு. சாம்பிராணித் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துபவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். தணல் இருக்கும் இடத்தில் காற்று வந்து போக வழி இருக்க வேண்டும். கரி அடுப்பு வீட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

டேம்பர் உள்ள அடுப்பைப் பயன்படுத்துவோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நெருப்பு மூட்டும்போதும், அடுப்புக் கதவைத் திறக்கும் முன்பும் டேம்பரை முழுதாகத் திறக்க வேண்டும். விறகு நன்றாகப் பற்றிய பிறகே சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஈர விறகைப் போட்டு, காற்றையும் அடக்கி எரித்தால், குழாயின் உட்சுவரில் தார் போன்ற கறுப்புப் படிவம் சேரும். அதுவே ஒருநாள் தீப்பிடிக்கும். ஆகவே குழாயை அவ்வப்போது துடைத்து எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் தேடிக்கொண்டு உள்ளேயே நிற்காதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்து வந்து 999-ஐ அழையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு நெருப்பு தேவையில்லை. வட்டமான ஒரு புட்டி மூடி, ஒரு கைவிளக்கு, ஒரு கோணமானி, கட்டம் போட்ட தாள் ஆகியவை போதும். தாளைத் தரையில் விரித்து, விளக்கை நேர் மேலே, முடிந்த அளவு உயரத்தில் பிடியுங்கள். மூடியைத் தரைக்குக் கிடையாகப் பிடித்து, நிழலில் எத்தனை கட்டங்கள் மறைகின்றன என்று எண்ணுங்கள். பிறகு 30, 45, 60 பாகை சாய்த்து எண்ணுங்கள். நிழல் மறைக்கும் கட்டங்களை முதல் எண்ணிக்கையால் வகுத்தால், கோசைன் மதிப்புக்கு அருகில் வரும். புகைக்குழாய்க்குள் தட்டு செய்வதை இப்படி உங்கள் மேசையிலேயே பார்த்துவிடலாம்.

மாமா இப்போது என்ன செய்கிறார்? தகரத்துண்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார். தட்டின் இரண்டு ஓட்டைகளும் மறுபடி திறந்துவிட்டன. கொட்டகைச் சுவரின் மேல்பகுதியில் ஒரு வரிசைத் தகரத்தைக் கழற்றிவிட்டு, மழை படாதபடி கம்பி வலை அடித்திருக்கிறார். சென்ற வாரம் போயிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த பையன் தட்டைக் காட்டி, "என்ன அங்கிள், இதுல ஓட்டை இருக்கு?" என்று கேட்டான்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பையனை உட்கார வைத்து, அவரே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.